வெண்பா (நிகழ்பட ஆட்டம்)

வெண்பா என்பது கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி வெளியிட்ட நிகழ்பட ஆட்டம் ஆகும். 2023ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று விண்டோஸ் கணினிகள், நின்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேசன் 5, எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றுக்கு வெளியானது. 1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்ற பெண், அவள் கணவன் பாவலன், அங்கேயே பிறந்து வளரும் அவர்களின் மகன் கவின் ஆகிய மூவரின் கதையை இது சமையல் வழியாகச் சொல்கிறது. ஆட்டத்தின் முதன்மை வடிவமைப்பாளர் அபி என்ற பெயரில் அறியப்படும் தமிழர். ஓவியங்களுக்குச் சாம் எல்கானா பொறுப்பேற்றார்; இசையை ஆல்ஃபா சம்திங் அமைத்தார்.

சண்டை, ஓட்டப் பந்தயம், துப்பாக்கி ஆகியவை இல்லாத, ஆடுபவரை அவசரப்படுத்தாத ஆட்டங்களை ஆங்கிலத்தில் கோசி கேம்ஸ் என்பர். தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் இன்னும் அமையவில்லை; இக்கட்டுரையில் 'இதமான ஆட்டங்கள்' என்ற தொடர் பயன்படுத்தப்படுகிறது. உலக அளவில் இவ்வகைக்குக் கிடைத்துவரும் வரவேற்பில் தமிழ் மொழியும் தமிழர் வாழ்வும் இடம்பெற்ற சிறந்த எடுத்துக்காட்டு வெண்பா.

பெயர்

வெண்பா தமிழ் யாப்பில் கட்டுக்கோப்பு மிகுந்த செய்யுள் வகை. திருக்குறள் குறள் வெண்பாவால் ஆனது. பாவலன் என்பது கவிஞனைக் குறிக்கும். கவின் என்பது அழகு. ஆக, குடும்பத்தினர் மூவருக்கும் தூய தமிழ்ப் பெயர்கள். தனித்தமிழ் இயக்கத்தின் தாக்கத்தால் இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் இத்தகைய பெயர்களைச் சூட்டும் வழக்கம் பரவியது. மொழிப்பற்றுடைய வீட்டிலிருந்து வந்த இருவரின் பிள்ளை தமிழ் எழுத்தைத் தடுமாறிப் படிக்கும் நிலைக்கு வந்துசேர்கிறான் என்பதை நோக்க, பெயர்த் தேர்வு கதையோடு இறுகப் பிணைந்தது எனலாம். நிறுவனத்தின் பெயரிலுள்ள 'விசை' என்ற சொல்லுக்கு ஆற்றல் என்றும் பொருள்; தமிழ்க் கணிமையில் விசைப்பலகையின் பொத்தானையும் அது குறிக்கும்.

இதமான ஆட்டங்களின் பின்னணி

இவ்வகையின் முன்னோடியாகப் பலரும் சுட்டுவது 1996இல் ஜப்பானில் வெளியான ஹார்வெஸ்ட் மூன் ஆட்டத்தை. யசுஹிரோ வாடா வடிவமைத்த அதில் ஆடுபவர் ஒரு பண்ணையை ஏற்று உழுது, விதைத்து, ஊராருடன் பழகி வாழ்கிறார். 2001இல் நின்டெண்டோ வெளியிட்ட அனிமல் கிராசிங் ஆட்டத்தின் தோற்றமும் கவனிக்கத்தக்கது. அதன் வடிவமைப்பாளர் கத்சுயா எகுச்சி வேலையின் பொருட்டுச் சீபாவிலிருந்து கியோத்தோவுக்குக் குடிபெயர்ந்தவர். குடும்பத்தையும் நண்பர்களையும் பிரிந்திருந்த தனிமையே அந்த ஆட்டத்துக்கு வித்திட்டது என அவரே கூறியுள்ளார். ஊரை விட்டு வந்தவரின் ஏக்கம் இவ்வகை ஆட்டங்களில் தொடக்கம் முதலே இருக்கிறது.

2016 பெப்ரவரியில் வெளியான ஸ்டார்டியூ வேலி ஆட்டத்தை எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து உருவாக்கினார். நிரல், ஓவியம், இசை, கதை அனைத்தும் அவருடையவை. 2024ஆம் ஆண்டுக்குள் அது 3 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. பெரிய நிறுவனங்களின் ஆட்டங்களில் நூற்றுக்கணக்கானோர் பணியாற்றும் காலத்தில், ஒருவரோ ஒரு சிறு குழுவோ இவ்வகையில் வெற்றி பெற முடியும் என்பதை இது காட்டியது. முப்பரிமாணப் போர்க்களங்களுக்கு வேண்டிய செலவு இதற்குத் தேவையில்லை; நல்ல ஓவியமும் பொறுமையும் போதும். இவ்வகை பெருகியதற்கு ஆடுவோரின் விருப்பத்தைப் போலவே இந்தப் பொருளாதாரமும் காரணம். பின்னர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அன்பேக்கிங் (2021), இந்தோனேசியாவிலிருந்து வந்த காபி டாக் (2020) போன்றவையும் சிறு குழுக்களின் ஆக்கங்களே.

2020 மார்ச் 20 அன்று அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் வெளியானபோது பல நாடுகளில் கொரோனா ஊரடங்கு தொடங்கியிருந்தது. வீட்டை விட்டு வெளியேற முடியாதவர்கள் ஆட்டத்தின் தீவில் நண்பர்களைச் சந்தித்தனர். பிறந்த நாள்களையும் திருமணங்களையும் அங்கே கொண்டாடினர். 4 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்ற அந்த ஆட்டத்தின் வழியாகவே இதமான ஆட்டம் என்ற கருத்து பொதுமக்களிடம் பரவலாகச் சென்றடைந்தது.

2017இல் ப்ராஜெக்ட் ஹார்ஸ்ஷூ என்ற ஆட்ட வடிவமைப்பாளர் கூடுகையில் டேனியல் குக் உள்ளிட்டோர் இவ்வகையின் இலக்கணத்தை வகுக்க முயன்றனர். பாதுகாப்பு, நிறைவு, மென்மை ஆகிய மூன்றையும் அவர்கள் அடிப்படையாகக் கொண்டனர். தோல்வியால் இழப்பு நேரும் என்ற அச்சம் இருக்கக் கூடாது. பசி, பற்றாக்குறை போன்ற நெருக்கடி இருக்கக் கூடாது. காட்சியும் ஒலியும் மனத்தை அமைதிப்படுத்த வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் தோற்றத்தில் மட்டும் இதமாக இருப்பவற்றைப் பிரித்தறிய முடிகிறது. 2009இல் பேஸ்புக்கில் தொடங்கி 2020 இறுதியில் மூடப்பட்ட பார்ம்வில் ஆட்டத்திலும் பண்ணைதான் இருந்தது. ஆனால் குறித்த நேரத்துக்குள் திரும்பி வராவிட்டால் பயிர் வாடிவிடும். விரைவுபடுத்தப் பணம் கட்டலாம். ஆடுபவரைத் துரத்தும் அந்தக் கடிகாரம் இதமான ஆட்டத்தின் இயல்புக்கு நேர் எதிரானது.

இவ்வாட்டங்கள் மனநலத்துக்கு நன்மை செய்கின்றனவா என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. ஆக்சுபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் அனிமல் கிராசிங் உள்ளிட்ட இரு ஆட்டங்களை ஆடியோரின் உண்மையான ஆட்ட நேரத்தை நிறுவனங்களிடமிருந்தே பெற்று ஆராய்ந்து, கூடுதல் நேரம் ஆடியோரிடம் நல்லுணர்வு சற்றே கூடுதலாக இருந்ததாகக் கண்டனர். அதே குழுவினர் 2022இல் ஏறத்தாழ 39,000 பேரிடம் ஏழு ஆட்டங்களை வைத்து நடத்திய விரிவான ஆய்வில், ஆட்ட நேரம் நல்லுணர்வைக் கூட்டுகிறது என்பதற்கோ குறைக்கிறது என்பதற்கோ குறிப்பிடத்தக்க சான்று கிடைக்கவில்லை. ஆகவே 'மன அழுத்தத்துக்கு மருந்து' என்ற விளம்பரத்தையும் 'மூளையைக் கெடுக்கும்' என்ற அச்சத்தையும் ஒரே அளவு ஐயத்துடன் அணுகுவது நல்லது.

கதை

கதை 1988இல் தொடங்குகிறது. வெண்பா உடல்நலமின்றி இருக்கிறாள். ஆயினும் பாவலனை வெறும் வயிற்றுடன் வேலைக்கு அனுப்ப மனமில்லாமல் இட்லி செய்ய எழுகிறாள். தன் தாயிடமிருந்து கொண்டுவந்த சமையல் குறிப்பேடு சேதமடைந்திருக்கிறது. சில வரிகள் அழிந்துள்ளன. சில பக்கங்கள் கிழிந்துள்ளன. அன்றே தான் கருவுற்றிருப்பதை அவள் அறிகிறாள். ஊருக்குத் திரும்பலாமா என்று தயங்கிக்கொண்டிருந்த இருவரும், பிறக்கப் போகும் பிள்ளைக்காகக் கனடாவிலேயே தங்குகின்றனர். அந்த முடிவின் விலையே எஞ்சிய கதை.

கவின் சிறுவனாக இருக்கும்போது வெண்பா அவனுக்குப் புட்டு செய்கிறாள். அவனோ பள்ளியில் மற்ற பிள்ளைகள் உண்பதையே விரும்புகிறான், ஆங்கிலத்திலேயே பேசுகிறான். பெற்றோர் தகுதிக்கேற்ற வேலை கிடைக்காமல் திண்டாடுகின்றனர். ஆண்டுகள் செல்கின்றன. பாவலன் இறந்த பின்னர் வெண்பா தனித்து வாழ்கிறாள். வளர்ந்து வேறிடத்தில் வாழும் மகன் வருவான் என்று விருந்து சமைத்து அவள் காத்திருக்கும் பகுதியைப் பலரும் ஆட்டத்தின் உச்சமாகக் கருதுகின்றனர். அதில் ஆடுபவர் செய்வது வழக்கமான சமையல்தான். உண்ண வருவார் யாரும் இல்லை என்பதே வேறுபாடு.

பிற்பகுதியில் ஆடுபவர் கவினாக மாறுகிறார். தாயின் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு தானே சமைக்க முயலும் அவனுக்கு முதல் தடை சமையல் அன்று, எழுத்து. இறுதியில், தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிட்ட தாயைக் காண அவன் வருகிறான்.

ஆட்ட முறை

ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஓர் உணவு மையமாக உள்ளது. குறிப்பேட்டில் விடுபட்டவற்றை ஆடுபவர் ஊகித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் சென்று சேரும்? புட்டுக் குழலில் எதை முதலில் இட வேண்டும், மாவையும் தேங்காய்த் துருவலையும் எந்த வரிசையில் நிரப்ப வேண்டும்? பிரியாணிக்கு எதன் மேல் எது வர வேண்டும்? தமிழ் வீடுகளில் இவற்றுக்கு விடை பெரும்பாலும் ஏட்டில் இருப்பதில்லை; தாயின் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்வது. 'உப்பு தேவையான அளவு' என்று எழுதும் வழக்கமுள்ள சமையல் மரபில், குறிப்பேட்டை மட்டும் நம்பிச் சமைப்பவர் படும் பாட்டை ஆட்டம் அப்படியே புதிராக்கியுள்ளது. ஆட்டத்தில் இல்லாவிடினும் குளிர்நாட்டுத் தமிழர் நன்கறிந்த மற்றொரு சிக்கலும் உண்டு: டொராண்டோவின் பனிக்காலத்தில் இட்லி மாவு எளிதில் புளிக்காது. அடுப்புப் பெட்டியின் விளக்கை மட்டும் எரியவிட்டு, அந்த வெப்பத்தில் மாவுப் பாத்திரத்தை இரவு முழுதும் வைப்பவர் பலர்.

நேரக் கட்டுப்பாடோ மதிப்பெண்ணோ இல்லை. தவறினால் மீண்டும் செய்யலாம். உரையாடல்களில் இரண்டு மூன்று மறுமொழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆயினும் அவை கதையின் போக்கைப் பெரிதும் மாற்றுவதில்லை. முழு ஆட்டத்தையும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். தமிழ்த் திரைப்படம் ஒன்றைப் பார்ப்பதற்கும் இதைவிடக் கூடுதல் நேரம் தேவைப்படும்.

வெண்பா உண்மையில் இதமான ஆட்டம்தானா என்பது விவாதத்துக்குரியது. அடுப்படியில் தோல்வி இல்லை, அவசரம் இல்லை. வண்ணங்களும் தாளிக்கும் ஓசையும் இதமானவை. ஆனால் கதை இழப்பைப் பற்றியது. சமையலில் எத்தனை முறை தவறினாலும் திருத்திக்கொள்ளலாம். மகனிடம் சொன்ன சொல்லையும் சொல்லாமல் விட்ட சொல்லையும் திருத்த வழியில்லை. இந்த முரணே ஆட்டத்தின் வலிமை. பண்ணை ஆட்டங்களிலும் தீவு ஆட்டங்களிலும் கிடைக்கும் ஆறுதலை மட்டும் எதிர்பார்த்து வருபவர் சற்றுக் கலங்கிப் போகலாம்.

மொழி

ஆட்டத்தில் தமிழ் அழகுக்காகச் சேர்க்கப்பட்ட ஒன்று அன்று. வெண்பாவாக ஆடும்போது குறிப்பேடு தடையின்றிப் புரிகிறது; அழிந்த இடங்களே சிக்கல். கவினாக ஆடும்போது அதே ஏடு அரைகுறையாகவே புரிகிறது. தமிழ் வரிகளை அவன் தட்டுத்தடுமாறிப் பொருள்கொள்ளும்போது தமிழ் அறியாத ஆடுநரும் அதே தடுமாற்றத்தை உணர்கிறார். தமிழ் அறிந்த ஆடுநர் நிலை வேறு: கவினுக்குப் புரியாதது அவருக்குப் புரிகிறது. ஒரே திரை இருவருக்கு இரு வேறு ஆட்டங்களாகிறது. ஒரு மொழி ஒரு தலைமுறைக்குள் கைநழுவுவதைப் புள்ளிவிவரம் கொண்டு விளக்குவதைவிட இது விரைவாக உணர்த்திவிடுகிறது.

டொராண்டோவைக் கதைக்களமாகக் கொண்டதற்கும் பொருள் உண்டு. ஈழத்தமிழர் வழக்கில் ரொறன்ரோ எனப்படும் அந்நகரமும் சுற்றுப்புறமும் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் வெளியே தமிழர் மிகுதியாக வாழும் இடங்களுள் ஒன்று. 1983 கறுப்பு யூலைக்குப் பின்னர் இலங்கையிலிருந்து பெருந்தொகையானோர் அங்கு ஏதிலியராகச் சென்றனர். 1986 ஆகத்து மாதம் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர் மீட்கப்பட்டது கனடியத் தமிழர் வரலாற்றில் நினைவுகூரப்படும் நிகழ்வு. சனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாகக் கொள்ளும் தீர்மானத்தைக் கனடிய நாடாளுமன்றம் 2016இல் நிறைவேற்றியது. வெண்பாவும் பாவலனும் போருக்குத் தப்பி வந்தவர்கள் அல்லர். தமிழ்நாட்டிலிருந்து வாழ்வு தேடிச் சென்றவர்கள். எனினும் வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் எல்லாப் பெற்றோரின் கவலையும் அவர்களுடையதே.

இசை

சமைக்கத் தொடங்கும்போது வானொலியில் பாடல் ஒலிக்கிறது. பாடல்கள் அனைத்தும் ஆட்டத்துக்கென்றே இயற்றப்பட்டவை. ஆனால் ஒவ்வோர் அத்தியாயத்தின் காலத்துக்கும் ஏற்பத் தமிழ்த் திரையிசையின் நடையைத் தழுவியவை. எண்பதுகளின் இளையராஜா பாணியும் தொண்ணூறுகளில் ஏ. ஆர். ரகுமான் கொண்டுவந்த ஒலி மாற்றமும் தமிழ்க் காதுக்கு உடனே பிடிபடும். ஆண்டை எழுத்தில் காட்டாமலேயே காலம் நகர்வதை உணர்த்த இதைவிட இயல்பான வழி தமிழர்க்கு இருக்க முடியாது.

விருதுகளும் வரவேற்பும்

2024 மார்ச் மாதம் ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற தற்சார்பு ஆட்டங்கள் விழாவில் முதற்பரிசான சூமஸ் மெக்னாலி பெரும்பரிசை வெண்பா வென்றது. அதே வாரம் வழங்கப்பட்ட ஆட்ட உருவாக்குநர் தேர்வு விருதுகளில் சிறந்த அறிமுக ஆக்கம், சமூகத் தாக்கம் ஆகிய இரண்டும் இதற்குக் கிடைத்தன. 2024 ஏப்ரலில் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் பாஃப்டா ஆட்ட விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. முன்னதாக 2023 தி கேம் அவார்ட்ஸ் விழாவில் இரண்டு பிரிவுகளில் முன்மொழியப்பட்டிருந்தது.

குறைகளாகச் சுட்டப்பட்டவற்றுள் முதன்மையானது நீளம். உணவுகளின் எண்ணிக்கை குறைவு என்றும், புதிர்கள் எளியவை என்றும், ஆண்டுகளைத் தாண்டித் தாண்டிச் செல்வதால் பாவலனைப் போன்ற பாத்திரங்களுடன் பழகப் போதிய நேரம் கிடைக்கவில்லை என்றும் திறனாய்வாளர்கள் எழுதினர். இவற்றுள் கடைசிக் குறை நியாயமானது.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ்நாட்டில் இளைஞர்கள் கணினி ஆட்டங்களை அறிந்தது பெரும்பாலும் இணைய மையங்களில். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற போர் ஆட்டங்கள் வழியாக. இத்தகைய ஆட்டங்களுக்கு ஏற்ற கருப்பொருள் இங்கு ஏராளம். விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை 1690 முதல் 1698 வரை முகலாயப் படையின் முற்றுகையைத் தாங்கியது. மூன்று குன்றுகளை இணைக்கும் அதன் மதில்கள் 2025 ஜூலையில் மராட்டியப் படைத்துறை நிலக்காட்சிகளின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்துக்கு 2022 ஏப்ரலில் வந்த விரிவாக்கத்தில் 'திராவிடர்' என்ற தரப்பும் இராசேந்திர சோழனின் படையெடுப்பும் சேர்க்கப்பட்டன. அதன் வீரர்கள் தமிழில் பேசுகின்றனர். ஆயினும் தமிழர் வாழ்வை முழுக் கருவாகக் கொண்டு உலக அளவில் பேசப்பட்ட ஆட்டம் கோட்டையில் நிகழவில்லை, அடுக்களையில் நிகழ்ந்தது.

இங்கு ஆட்டங்கள் குறித்த பொதுப் பேச்சோ பெரும்பாலும் கடனையும் அடிமைத்தனத்தையும் சுற்றியே அமைந்தது. இணையவழி ரம்மியில் பணம் இழந்தோரின் தற்கொலைகளைத் தொடர்ந்து இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகத்தில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இந்த அச்சத்துக்குத் தக்க காரணம் உண்டு. ஆனால் அதனால் 'ஆன்லைன் கேம்' என்ற ஒரே சொல்லின் கீழ்ச் சூதாட்டமும் புட்டு அவிக்கும் ஆட்டமும் ஒன்றாகவே பார்க்கப்படுகின்றன.

உண்மையில் இதமாக ஆடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. இரு வரிசையில் ஏழேழாகப் பதினான்கு குழிகளில் புளியங்கொட்டையோ சோழியோ இட்டு ஆடும் பல்லாங்குழி, மதிய வேளையில் பெண்கள் பேசிக்கொண்டே ஆடியது. திண்ணையிலும் கோயில் மண்டபத் தரையிலும் கட்டம் கீறி ஆடிய ஆடுபுலி ஆட்டமும் அத்தகையதே. இவற்றில் வெற்றி தோல்வி உண்டு என்பதால் மேற்சொன்ன இலக்கணத்துக்குள் முழுமையாக அடங்கா. ஆனால் அவசரமின்மை, அருகில் ஒருவர், கையில் ஏதோ ஒன்று என்ற அமைப்பு பொதுவானது.

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் ஆடுகின்றனர். வெண்பா வெளியானபோது கணினிக்கும் வீட்டு ஆட்டப் பெட்டிகளுக்கும் மட்டுமே வந்தது. கைப்பேசிப் பதிப்பு அப்போது வரவில்லை. ஆகவே கதை எந்த ஊர்ச் சமையலைப் பற்றியதோ அந்த ஊர்களை விட, டொராண்டோவிலும் இலண்டனிலும் அதை ஆடுவது எளிதாக இருந்தது.